பத்து யென்னுக்கு ஒரு தலைகுனிவு

நாகுமோ யோஷிஹரு வேலைக்குச் சேர்ந்தது புதுப் பண்டம் கண்டுபிடிக்க. இருபத்தாறு வருஷமாக அவர் செய்ததோ, இருக்கிற பண்டத்தைச் சின்னதாக்கியது.

ஜப்பானில் நீகாதா பக்கம் அரிசித் தட்டை சுடும் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. ஹோஷிகுரா அவற்றில் நடுத்தரமானது. அரிசி மாவை அவித்து இடித்து, வட்டமாக வெட்டி, உலர்த்தி, சுட்டு, சூட்டோடு சூடாகச் சோயா சாறு பூசுவார்கள். சிவப்புப் பையில் பதினைந்து தட்டை, விலை நூறு யென். நாட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் கீழ்த்தட்டில் அந்தச் சிவப்புப் பை கிடக்கும். நாகுமோ உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு அங்கே சேர்ந்தபோது நில விலையும் பங்கு விலையும் கைகோத்துக்கொண்டு விழுந்து சில வருஷம் ஆகியிருந்தது. இரண்டு மூன்று வருஷத்தில் எல்லாம் நிமிர்ந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்கள் முட்டாள்கள் அல்ல, படித்தவர்கள்தான்.

முதல் வருஷமே அவர் ஒரு தட்டை செய்தார். அக்ரூட் பருப்பைப் பொடித்து, புளித்த சோயா விழுதில் குழைத்து மேலே தடவிச் சுட்டது. பெரிய முதலாளி இரண்டு தின்று, மூன்றாவதையும் எடுத்துக்கொண்டார். "நல்லா வந்திருக்கு. ஆனா இப்ப நேரமில்லை. காலம் கொஞ்சம் சரியாகட்டும்" என்றார். நாகுமோவுக்கு இருபத்துமூன்று வயது. காத்திருப்பதில் என்ன நஷ்டம் என்று நினைத்தார்.

அடுத்த வருஷம் வரி ஏறியது, அதன் பின்னே பெரிய வங்கிகள் இரண்டு மூன்று கவிழ்ந்தன. பல்பொருள் அங்காடிக்காரர்கள் வந்து, நூறு யென்னுக்கு மேல் ஒரு யென் போனாலும் பையைத் தட்டிலிருந்து இறக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரிய முதலாளி நாகுமோவைக் கூப்பிட்டார்.

"விலையில கை வைக்க முடியாது. நீ தட்டையில கை வை" என்றார்.

நாகுமோ கை வைத்தார். மாவைச் சற்று மெலிதாக வெட்டி, அடுப்பின் முதல் பகுதியில் சூட்டைக் கூட்டினார். தட்டையின் மேல் குமிழ்கள் உப்பி வந்தன. கண்ணுக்குப் பழைய உயரம், கைக்கு மட்டும் எடை குறைவு. கடித்தால் முன்னைவிட நொறுங்கியது. பையின் மேல் "இப்போது இன்னும் மொறுமொறுப்பாக" என்று அச்சடித்தார்கள். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அந்த வருஷ முடிவு விருந்தில் பெரிய முதலாளி தன் கையாலேயே அவர் கோப்பையில் பீர் ஊற்றினார். நாகுமோவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை அவர் பின்னாளில் மறைக்கவும் இல்லை.

ஒரு தடவை ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா. பதினைந்து பதினான்காயிற்று, பதினான்கு பன்னிரண்டாயிற்று. வட்டம் சுருங்கியது. பைக்குள் காற்று கூடியது. காலம் சரியாகவில்லை. அவருக்குப் பின் அந்தப் பிரிவில் பதினாறு வருஷம் ஆளே எடுக்கவில்லை. அதனால் நாற்பதை நெருங்கும்போதும் நாகுமோதான் அங்கே கடைக்குட்டி. விருந்துக்கு இடம் பிடிப்பதும், பீர்ப் பெட்டி தூக்குவதும், போதையேறிய பெரியவர்களை வாடகைக் கார் பிடித்து ஏற்றிவிடுவதும் தலை நரைக்கும் வரை அவர் வேலையாகவே இருந்தது.

சம்பளம் ஏறவில்லை. இறங்கவும் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம், பிடித்தம் கூடியதைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

மனைவி ரித்சுகோ ஊர் அங்காடியில் பகுதி நேரமாகக் கல்லாவில் நின்றாள். தட்டையைப் பற்றி ஜனங்கள் பேசுவது முதலில் அவள் காதில்தான் விழும். ஒரு நாள் வயதான ஒரு வாடிக்கையாளர், முன்பெல்லாம் ஒரு தட்டையை இரண்டு கடியாகக் கடிப்பேன், இப்போது முழுசாக வாய்க்குள் போகிறது, என் வாய்தான் பெரிதாகிவிட்டதா என்று கேட்டாராம். சாப்பிடும்போது ரித்சுகோ இதைச் சொன்னாள்.

"ஆமா, பெருசாயிடுச்சுன்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே" என்றார் நாகுமோ.

இருவரும் சிரித்தார்கள். அந்த ரித்சுகோவும், ஒரு கட்டி டோஃபு பத்து யென் மலிவு என்றால் பாலம் தாண்டி இன்னொரு கடைக்குச் சைக்கிளில் போகிறவள்தான். ஊரே அப்படித்தான் இருந்தது. எல்லாரும் எல்லாரிடமும் மலிவாக வாங்கினார்கள். அதனால் எல்லாரும் எல்லாருக்கும் மலிவாகவே உழைத்தார்கள்.

மகள் ஹோனோகா செவிலியர் படிப்பு முடித்து, ஊரிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். முதியோருக்கு அங்கே பஞ்சமில்லை. நாலு வருஷம் ராப்பகலாக உழைத்தாள். பிறகு ஒரு நாள், வேலை செய்துகொண்டே ஒரு வருஷம் இருக்கும் விசாவில் ஆஸ்திரேலியா போய் வருகிறேன் என்றாள். ஊர் சுற்றிப் பார்க்கத்தானே என்று நாகுமோவும் விட்டுவிட்டார். அவள் பிரிஸ்பேனில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாகச் சேர்ந்தாள். செவிலியர் வேலைகூட இல்லை, குளிப்பாட்டுவதும் ஊட்டிவிடுவதும்தான். மூன்றாம் மாதம் போனில் பேசும்போது, வீட்டுக்குப் பணம் ஏதாவது அனுப்பட்டுமா என்று கேட்டாள். நாகுமோ சிரித்துக்கொண்டே, உன் சம்பளம் உன் வாடகைக்கே காணாதே என்றார். அவள், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று முன்னுரை வைத்து, எவ்வளவு என்று சொன்னாள்.

அவர் வாங்குவதைப் போல இரண்டு பங்கு.

ரித்சுகோ அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். போன் ஒலிபெருக்கியில் இருந்ததால் அவளுக்கும் கேட்டது. குழாயை மூடிவிட்டு ஒரு நிமிஷம் நின்றாள், மறுபடி திறந்தாள். அதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. பெற்ற மகள் நன்றாக இருக்கிறாள் என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். நாகுமோ சந்தோஷப்பட்டார்.

அந்த வருஷம்தான் எண்ணெய் விலை ஏறியது, சோயா ஏறியது, பைக்கு வாங்கும் பிளாஸ்டிக் ஏறியது, மின்சாரம் ஏறியது. தட்டையில் இனிக் குறைக்க ஒன்றுமில்லை. இனியும் மெலிதாக வெட்டினால் லாரியிலேயே நொறுங்கிவிடும் என்று நாகுமோ சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். பெரிய முதலாளிக்குப் பின் பொறுப்புக்கு வந்திருந்த அவர் மகன், இளைய முதலாளி, கூட்டம் போட்டார்.

இளைய முதலாளி கெட்டவர் இல்லை. பழைய கார்தான் ஓட்டுவார், தொழிலாளிகளின் சாப்பாட்டுக் கூடத்திலேயே சாப்பிடுவார், ஒரு ஆளைக்கூட வெளியே அனுப்பியதில்லை. லாபத்தை எல்லாம் கெட்ட காலத்துக்கு என்று வங்கியில் போட்டு வைத்திருந்தார். இருபத்தாறு வருஷமாகக் கெட்ட காலம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் பணத்தை எடுக்கிற அளவுக்குக் கெட்ட காலம் இன்னும் வரவில்லை என்பது அவர் எண்ணம்.

கூட்டத்தில் நாகுமோ எப்போதும் கேட்டால்தான் பேசுவார். அன்று கேட்காமலே எழுந்தார்.

"விலையை முப்பது யென் ஏத்துவோம் சார். தட்டையைப் பழைய அளவுக்கே கொண்டு போவோம். பதினஞ்சு போடுவோம். மிச்சத்துல எல்லாருக்கும் சம்பளம் ஏத்துவோம். நம்ம ஆளுங்களே நம்ம தட்டையை யோசிச்சுதான் வாங்குறாங்க சார். இப்படியே போனா யார்தான் வாங்குவா?"

முதலாளி கோபப்படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, இது எல்லாரும் யோசிக்க வேண்டிய விஷயம் என்று சொல்லிவிட்டு, தொழிற்சங்கச் செயலாளர் இகராஷியைப் பார்த்தார். சம்பள உயர்வு என்றதும் சங்கக்காரர் கைதட்டியிருக்க வேண்டும். இகராஷி தொண்டையைச் செருமிக்கொண்டார். நாகுமோவும் அவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள்.

"நாகுமோ-சான், சொல்றது சுலபம். முப்பது யென் ஏத்தி, கடைக்காரன் பையை இறக்கிட்டான்னா? ரெண்டாவது அடுப்பை நிறுத்தணும். அங்க நாப்பது பேர் இருக்காங்க. சம்பளம் ஏறலைன்னா யாரும் சாகறதில்லை. வேலை போனா?"

"ஏறலைன்னா யாரும் சாகறதில்லை, சரிதான்" என்றார் நாகுமோ. "பொறக்கறதும் இல்லை."

யாரோ ஒருவர் சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். போன வருஷம் கம்பெனியில் ஒரு பிரசவ விடுப்புகூட யாரும் எடுக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. விலை பத்து யென் ஏறும். பையில் ஒரு தட்டை குறையும். சம்பளம் அடுத்த வருஷம் பார்க்கலாம். பன்னிரண்டைப் பதினொன்றாக்கி, பை தளர்ந்து தெரியாதபடி உள்ளே தட்டைகளைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டத்தை மாற்றி அமைக்கும் வேலை, சொல்லவே வேண்டாம், நாகுமோவிடம் வந்தது. அதையும் செய்து கொடுத்தார்.

அதோடு விடவில்லை. டோக்கியோவிலிருந்து வந்த விளம்பரக்காரர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். இருபத்தாறு வருஷம் ஏற்றாத விலையை ஏற்றுகிறோம், ஜனங்களிடம் மனதார மன்னிப்புக் கேட்டு ஒரு படம் எடுத்தால் என்ன? முதலாளி முன்னால், பின்னால் தொழிலாளிகள் எல்லாரும், ஆலை முற்றத்தில் நின்று தலை குனிய வேண்டும். பேச்சு கிடையாது. கடைசியில் மட்டும் எழுத்து வரும். முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று. முதல் வரிசையில், தனக்கு வலப்பக்கம், இன்றைய தட்டையைப் படைத்தவர் என்ற முறையில் நாகுமோ நிற்க வேண்டும் என்றார். கௌரவம் என்றே நினைத்துச் சொன்னார்.

அன்று முற்றத்தில் பனிக்காற்று வெட்டியது. இயக்குநர் முப்பது வயதுப் பையன், மிகவும் பணிவானவன். ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிவிட்டு இன்னொரு தடவை கேட்டான். எல்லாரும் ஒரே நேரத்தில் குனிய வேண்டும், இடுப்பிலிருந்து குனிய வேண்டும், நிமிர்வதில் அவசரம் தெரியக் கூடாது. நாகுமோவுக்குப் பின்னால் பை கட்டும் பிரிவுப் பெண்கள் வெள்ளைத் தொப்பியோடு நின்றார்கள். நாலாவது தடவை நிமிர்ந்தபோது ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"என் கூலியில ஒரு அம்பது யென் ஏத்தியிருந்தா நான் மண்ணைத் தொட்டே கும்பிட்டிருப்பேன்."

"அதுக்கும் ஒரு படம் எடுப்பாங்கடி" என்றாள் மற்றவள்.

நாகுமோ திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாவது தடவை குனிந்தார். சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே, பதினோரு தட்டை என்று படத்தில் எங்காவது வருமா என்று யோசித்தார். வரவில்லை. "இருபத்தாறு ஆண்டுகள் தாக்குப்பிடித்தோம். பத்து யென். மன்னியுங்கள்." அவ்வளவுதான் வந்தது.

படம் தீயாய்ப் பரவியது. இத்தனை வருஷம் எங்களுக்காகப் பொறுத்தீர்களே, நாங்கள்தான் நன்றி சொல்ல வேண்டும் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். அதிகமாக வாங்கினார்கள். அந்த மாத விற்பனை முந்தின வருஷத்தைத் தாண்டியது. முதலாளி காலைக் கூட்டத்தில் சில கடிதங்களை வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிதிருத்தும் கடையில், முன் வரிசையில் நின்றது நீங்கள்தானே என்று நாகுமோவைக் கேட்டார்கள், காசும் வாங்க மறுத்தார்கள். ஒரு தட்டை குறைந்ததை ஒருவரும் எழுதவில்லை. இத்தனை நாளில் நாகுமோ செய்த வேலைகளிலேயே சுத்தமானது அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹோனோகா கூப்பிட்டாள். குரலில் வழக்கமான கும்மாளம் இல்லை. கூட வேலை செய்யும் ஒரு பெண், உங்கள் நாட்டு வேடிக்கையைப் பார் என்று போனை நீட்டினாளாம். பார்த்தால் வரிசையாகத் தலைகள். முதல் வரிசையில் ஒன்றின் உச்சி வழுக்கையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது யார் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் எல்லாரும், எவ்வளவு நல்ல மனிதர்கள், இங்கே மாதாமாதம் ஏற்றுகிறான், ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று புகழ்ந்தார்களாம்.

"நல்லாத்தானே சொல்லியிருக்காங்க" என்றார் நாகுமோ.

"அப்பா, ஒண்ணு கேட்கவா? இத்தனை வருஷமா உங்க சம்பளம் ஏறலை. அதுக்கு யாராவது உங்க முன்னாடி வந்து குனிஞ்சாங்களா?"

நாகுமோ போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் அங்க நாலு வருஷம் வேலை பார்த்தேன். ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து உங்க பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுவேன். நீங்களும் எதுவும் கேட்கலை, நானும் எதுவும் சொல்லலை. எல்லாரும் பொறுத்துக்கிட்டே இருந்தோம். எதுக்குன்னே தெரியலைப்பா எனக்கு."

"காலம் அப்படி இருந்துச்சும்மா."

சொன்ன பிறகுதான், பெரிய முதலாளி அன்று சொன்ன அதே வார்த்தையைத்தான் தானும் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. ஹோனோகா சண்டைக்கு வரவில்லை. ரித்சுகோவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

மறுநாள் நாகுமோ முதலாளியின் அறைக்குப் போனார். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனார். உள்ளே போனதும் கோத்ததில் பாதி உதிர்ந்துவிட்டது. விற்பனைதான் ஏறியிருக்கிறதே, இந்த வசந்தத்திலாவது சம்பளத்தை ஏற்றலாம், ஒரு தட்டை எடுத்ததை ஜனங்களிடம் சொல்லிவிடுவதும் நல்லது என்று எப்படியோ சொல்லி முடித்தார். முதலாளி அவருக்குத் தேநீர் ஊற்றினார். விற்பனை ஏறியிருப்பது இரக்கத்தினால், இரக்கம் மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது, அதன் பின் என்ன செய்வது என்று இப்போதே யோசிக்க வேண்டும் என்றார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. நாகுமோ அதைப் பார்த்தார். அதனால் அவருக்குக் கோபம்கூட வரவில்லை.

"இலையுதிர் காலத்துக்குள்ள இன்னும் ஒண்ணு எடுக்க முடியுமான்னு பாருங்க நாகுமோ-சான்" என்றார் முதலாளி. "உங்களைத் தவிர யாரால முடியும்?"

வேலையை விட்டுவிட வேண்டும் என்று அன்று மாலை நினைத்தார். வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. வயது நாற்பத்தொன்பது. அரிசித் தட்டையை யாருக்கும் தெரியாமல் சின்னதாக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று விளம்பரம் கொடுக்கிறவன் எவனும் இல்லை. ரித்சுகோவிடம் சொன்னபோது அவள் உடனே மறுக்கவில்லை. யோசித்துவிட்டு, விட்டால் விடுங்கள், நான் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்து நிற்கிறேன் என்றாள். அவள் அப்படிச் சொன்னதாலேயே அவரால் விட முடியவில்லை.

வசந்தத்தில் சங்கமும் நிர்வாகமும் பேசினார்கள். மாதத்துக்கு ஆயிரத்து இருநூறு யென் உயர்வு. இத்தனை வருஷத்தில் முதல் உயர்வு என்று இகராஷி அறிவித்தார், அவர் குரல் தழுதழுத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நாகுமோவும் தட்டினார். அதே மாதம் காப்பீட்டுப் பிடித்தம் கூடி, உயர்வை அப்படியே விழுங்கிக்கொண்டு போயிற்று. ஆண்டு விழாவில் நாகுமோவுக்குச் சிறப்புச் சேவைப் பாராட்டுப் பத்திரமும் ஒரு பெட்டி தட்டையும் கிடைத்தன. இலையுதிர் காலத்தில் பை பத்தாயிற்று.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஹோனோகாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரிப்பதற்கு முன் தன்னைக் கூப்பிடச் சொல்லியிருந்தாள். மேஜை மேல் போனைச் சாய்த்து வைத்து மூவருமாகப் பிரித்தார்கள். ஓட்ஸ் மாவும் வெல்லப்பாகும் வெண்ணெயும் போட்டுச் சுட்ட பிஸ்கட்டுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். இல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் செய்கிறார்களாம். இன்னொரு செய்தியும் இருந்தது. அங்கேயே செவிலியராகப் பதிவு செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது, நாலு வருஷ விசா, அதன் பின்னும் இருக்கலாம். வருகிறேன் என்ற வார்த்தை அவள் பேச்சில் இல்லை. ரித்சுகோ நல்லது, நல்லது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

"அம்மாடி, எவ்வளவு கனம்" என்றாள்.

நாகுமோவும் ஒன்றை எடுத்தார். விரல்களுக்கு நடுவே பிடித்து விளிம்பைப் பார்த்தார். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். கட்டை விரலால் நடுவில் அழுத்திப் பார்த்தார்.

"இதுல ரெண்டு மில்லிமீட்டர் எடுத்தாலும் யாருக்கும் தெரியாது" என்றார்.

திரையில் ஹோனோகாவின் சிரிப்பு நின்றது. ரித்சுகோ மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. ஏதோ வேடிக்கைக்குச் சொன்ன மாதிரி சிரிக்க முயன்றார், வாய் ஒத்துழைக்கவில்லை.

"சாப்பிடுங்கப்பா" என்றாள் ஹோனோகா மெதுவாக. "சும்மா சாப்பிடுங்க."

அவர் கடித்தார். வெண்ணெய் மணந்தது. ஒரு வாயில் முடியவில்லை, இரண்டு மூன்று கடி வேண்டியிருந்தது. அவர் மென்று விழுங்கும் வரை மற்ற இருவரும் காத்திருந்தார்கள்.